கூட்டெருவின் முன்னோடி சேர் அல்பேர்ட் ஹவார்ட் (1873 – 1947)

கூட்டெரு தயாரித்தல் பற்றிய வினாவைக் கண்டதும் மாணவர் பலர் குழியின் அளவு, படைகளின் ஒழுங்கு, புரட்ட வேண்டிய நாட்கள் ஆகியவற்றை மனனம் செய்தபடியே எழுதிவிடுவர். குவியலில் ஈக்களும் புழுக்களும் பெருகினால் யாது செய்வீர் என்று வினாவைச் சற்று மாற்றிக் கேட்டாற் போதும், பீடைநாசினி தெளிப்போம் என்று எழுதத் தோன்றும். அது தவறான விடை. ஏன் தவறு என்பதைப் படிப்படியாகக் கண்டறிந்தவர் சேர் அல்பேர்ட் ஹவார்ட். பூச்சிகளையும் பங்கசுகளையும் அழிப்பதற்கெனப் பயிற்றப்பட்ட ஒரு விஞ்ஞானி, அவற்றை அழிப்பதை விட்டுவிட்டு அவை ஏன் வந்தன என்று கேட்கத் தொடங்கிய வரலாறே இவரது வாழ்க்கை.

இளமையும் கல்வியும்

அல்பேர்ட் ஹவார்ட் 1873 ஆம் ஆண்டு டிசெம்பர் 8 ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஒரு விவசாயி. ஆகவே மாட்டுத் தொழுவமும் எருக்குவியலும் அவருக்குப் புத்தகத்தில் அறிமுகமானவை அல்ல. இலண்டனிலுள்ள றோயல் விஞ்ஞானக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென் ஜோன்ஸ் கல்லூரியிலும் கற்று, இயற்கை விஞ்ஞானத்திலும் விவசாயத்திலும் தேர்ச்சி பெற்றார்.

1899 இல் மேற்கிந்தியத் தீவுகளின் விவசாயத் திணைக்களத்தில் பங்கசியலாளராக நியமனம் பெற்றார். பார்படோஸ் தீவைத் தளமாகக் கொண்டு கரும்பு, கொக்கோ முதலிய பயிர்களின் நோய்களை ஆராய்வதே வேலை. நுணுக்குக்காட்டியின் கீழ் நோய்க்கிருமியைப் பார்த்து, பெயரிட்டு, மருந்து கூறவேண்டும். இங்கேதான் அவரது மனத்தில் ஓர் உறுத்தல் தோன்றியது. தாம் கூறும் மருந்தைத் தாமே பரீட்சித்துப் பார்க்க அவரிடம் ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. பயிர் செய்யாத ஒருவர் பயிர் செய்பவருக்கு ஆலோசனை கூறுவது எங்ஙனம் பொருந்தும்? இக்கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1903 இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, கென்ட் மாவட்டத்தின் வை என்னும் ஊரிலிருந்த விவசாயக் கல்லூரியில் ஹொப்ஸ் என்னும் கொடிப்பயிரை ஆராய்ந்தார். இரண்டு ஆண்டுகளே அங்கு இருந்தார். 1905 இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

பூசாவில் ஒரு வயல்

பீகாரிலுள்ள பூசா என்னும் இடத்தில் அப்போதுதான் பெரியதொரு விவசாய ஆராய்ச்சி நிறுவகம் அமைக்கப்பட்டிருந்தது. அங்கே ஹவார்ட் பொருளாதாரத் தாவரவியலாளராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் அவர் கபிரியேல் மத்தேயி என்பவரைத் திருமணம் செய்தார்.

கபிரியேலைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஒளித்தொகுப்பின் எல்லைப்படுத்தும் காரணிகள் என்னும் பகுதியை நீங்கள் விஞ்ஞான பாடத்திற் கற்றிருப்பீர்கள். அக்கருத்துடன் பிளாக்மன் என்னும் விஞ்ஞானியின் பெயர் இணைந்துள்ளது. அவருடன் கேம்பிரிட்ஜில் பணியாற்றி, ஒளித்தொகுப்பில் வெப்பநிலையின் தாக்கம் பற்றிய பரிசோதனைகளைச் செய்து 1904 இல் வெளியிட்டவர் கபிரியேலே. இந்தியாவில் கணவருடன் சரிநிகராக ஆராய்ச்சி செய்த அவர் 1913 இல் இரண்டாவது பொருளாதாரத் தாவரவியலாளராக நியமிக்கப்பட்டார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா கோதுமை இனங்கள் வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டன. ஹவார்டின் பெயரிலுள்ள புகழிற் பெரும் பங்கு இவருக்குரியது. பாடநூல்கள் இதனைப் பெரும்பாலும் கூறாது விட்டுவிடுகின்றன.

பூசாவில் ஹவார்டுக்கு அவர் நெடுநாள் விரும்பிய நிலம் கிடைத்தது. அதில் என்ன செய்வது? அயற் கிராமங்களின் வயல்களைச் சுற்றிப் பார்த்தபோது, அங்குள்ள விவசாயிகள் பீடைநாசினியோ இரசாயனப் பசளையோ இன்றிப் பயிர் செய்வதையும், அப்பயிர்களிற் பீடைத் தாக்கம் பெரிதாக இல்லாததையும் கண்டார். படித்தவர் படியாதவருக்குக் கற்பிப்பதே அக்கால வழக்கம். ஹவார்ட் அதனைத் தலைகீழாக்கினார். கிராமத்து விவசாயிகளைத் தம் ஆசிரியர்களாகக் கொண்டார். மற்றோர் ஆசிரியரையும் சேர்த்துக் கொண்டார், அது பூச்சி. எந்தப் பயிரைப் பூச்சி தாக்குகிறதோ அந்தப் பயிரை வளர்த்த முறையில் எங்கோ பிழை இருக்கிறது, பிழையைத் திருத்தினால் பூச்சி தானே குறையும் என்பது அவரது கருத்தாயிற்று.

குவெற்றாவிற் கண்ட சான்று இக்கருத்தை வலுப்படுத்தியது. இன்று பாகிஸ்தானிலுள்ள அந்நகரில் கோடை காலங்களில் அவர் பழமரங்களை ஆராய்ந்தார். மண் அளவுக்கு மிஞ்சி நனைந்து, வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காதபோது பீச் மரங்களில் அழுக்கணவன் பெருகியது. மண்ணை ஆழமாகக் கிளறிக் காற்றோட்டம் கொடுத்தபின் வளர்ந்த இலைகளில் அது குறைந்திருந்தது. மருந்து எதுவும் தெளிக்கப்படவில்லை. மண்ணுக்குட் காற்றுச் சென்றது, அவ்வளவுதான். இந்தக் காற்று என்னும் விடயத்தை மனத்திற் கொள்ளுங்கள். கூட்டெருக் குவியலுக்கு வரும்போது மீண்டும் இதனைச் சந்திப்போம்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். நன்கு போஷிக்கப்பட்ட தம் எருதுகள், கால்வாய் நோயுற்ற அயல் மாடுகளுடன் நெருங்கிப் பழகியும் நோயுறவில்லை என்று ஹவார்ட் எழுதியுள்ளார். அவதானிப்பு உண்மையாக இருக்கலாம். ஆயினும் கட்டுப்பாட்டுப் பரிசோதனை இல்லாத ஓர் அவதானிப்பு நிரூபணமாகாது என்பதை நீங்கள் விஞ்ஞான பாடத்திற் கற்றுள்ளீர்கள். ஆரோக்கியமான பயிரையும் விலங்கையும் பீடையும் நோயும் அணுகா என்ற அளவுக்கு ஹவார்ட் சென்றார். இன்றைய விஞ்ஞானம் அவ்வளவு தூரம் செல்வதில்லை. நல்ல வளமான மண்ணில் திடமாக வளர்ந்த பயிரையும் வெட்டுக்கிளி தின்னும், வைரசு தாக்கும்.

இந்தூர் முறை

1924 இல் ஹவார்ட் தம்பதியினர் பூசாவை விட்டு மத்திய இந்தியாவின் இந்தூருக்குச் சென்றனர். அங்கே தாவரக் கைத்தொழில் நிறுவகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பணிப்பாளராக ஹவார்ட் 1931 வரை கடமையாற்றினார். பருத்தியே முதன்மையான பயிர். பருத்தி நிலத்தின் குறைபாடு உக்கலின் குறைபாடே என்று கண்டபோது, பண்ணையிற் கிடைக்கும் கழிவுகளிலிருந்து போதிய உக்கலை விரைவாகப் பெறுவது எவ்வாறு என்ற வினா எழுந்தது. சீன விவசாயிகள் நூற்றாண்டுகளாகக் கழிவுகளை மண்ணுடன் சேர்த்து மக்கச் செய்வதை அமெரிக்கரான கிங் என்பவர் எழுதிய நூலொன்று 1911 இல் வெளிவந்திருந்தது. ஹவார்ட் அதனைக் கற்றிருந்தார். இந்திய விவசாயிகளின் வழக்கங்களையும் அறிந்திருந்தார். இவற்றை ஒன்றுசேர்த்து, அளந்து, பரீட்சித்து ஒழுங்கான முறையாக்கும் பணியில் அவருக்குத் தோள்கொடுத்தவர் யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயனவியலாளர். இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1931 இல் வெளியாயிற்று. முறைக்கு ஹவார்ட் தம் பெயரை வைக்கவில்லை. அது உருவான இடத்தின் பெயரால் இந்தூர் முறை எனப்பட்டது.

குழி ஏறத்தாழ 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்டது. ஆழம் 2 முதல் 3 அடி மாத்திரமே. ஆழம் ஏன் இவ்வளவு குறைவு என்று பரீட்சகர் கேட்கக்கூடும்: ஆழமான குழியின் அடிக்குக் காற்றுச் செல்லாது. இக்குழியில் தாவரக் கழிவுகள் மூன்று, நான்கு பங்கும், சாணம் போன்ற விலங்குக் கழிவு ஒரு பங்குமாகப் படைபடையாக இடப்படும். தொழுவத்தில் மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணும் மரச்சாம்பலும் அவற்றின்மேல் தூவப்படும். சாம்பலும் மண்ணும் அமிலத்தன்மையைக் குறைக்கும். நீர் தெளிக்கப்படும், ஆனால் தேங்கவிடப்படாது. சில நாட்களிலேயே குவியல் சூடேறி, உட்பகுதி ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வரை செல்லும். இந்த வெப்பம் வெயிலால் வருவதன்று. கோடிக்கணக்கான பற்றீரியாக்களும் பங்கசுகளும் சேதனப் பதார்த்தங்களைப் பிரிந்தழியச் செய்யும்போது சுவாசத்தின் மூலம் வெளிவிடும் சக்தியே அது. இரண்டு, மூன்று வாரங்களில் ஒரு தடவையும் பின்னர் இடையிட்டும் குவியல் புரட்டப்படும். மூன்று மாதங்களில் எரு தயாராகிவிடும்.

குவியலுக்கு வந்த ஈக்கள்

இனி நமது வினாவுக்கு வருவோம். மக்கும் பொருளிருந்தால் ஈ வரும். வீட்டு ஈயின் வாழ்க்கை வட்டம் நிறைவான உருமாற்றத்துக்கு நல்ல உதாரணம். பெண் ஈ ஒரே தடவையில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை ஈரமான கழிவில் இடும். வெப்பமான காலநிலையில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்துக் குடம்பி வெளிவரும். அது ஏறத்தாழ நான்கு முதல் ஏழு நாட்கள் வரை உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, மேலும் சில நாட்களில் நிறைவுடலியாகப் பறக்கும். முழு வட்டமும் ஏழு முதல் பத்து நாட்களில் முடிந்துவிடலாம்.

ஹவார்ட் இதற்கு எந்த மருந்தையும் பரிந்துரைக்கவில்லை. நன்கு அமைக்கப்பட்ட குவியலில் துர்நாற்றமும் ஈக்களும் இருக்கலாகாது; அவை தோன்றினால் குவியலுக்குட் காற்றுப் போதவில்லை என்பதே பொருள் என்று அவர் கொண்டார். ஆகையால் நாட்காட்டியைப் பார்த்துக் கொண்டிராது உடனே புரட்ட வேண்டும். சாணமும் சாம்பலும் மேலதிகமாகச் சேர்க்க வேண்டும். பீச் மரத்து அழுக்கணவனிடம் கற்ற பாடத்தையே அவர் குவியலின் ஈக்கும் பிரயோகித்தார்.

இதன் விஞ்ஞான விளக்கம் எளிது. ஒட்சிசன் குறைந்தால் காற்றுவாழ் நுண்ணங்கிகளின் தொழிற்பாடு தளரும், வெப்பநிலை விழும். காற்றின்றிவாழ் பற்றீரியாக்கள் தலையெடுத்து நாற்றமுள்ள வாயுக்களைத் தோற்றுவிக்கும். நாற்றம் ஈயை அழைக்கும். குளிர்ந்த, சேறான கழிவு அதன் குடம்பிக்குத் தொட்டிலாகும். புரட்டியதும் ஒட்சிசன் உட்சென்று, வெப்பநிலை மீண்டும் உயரும். ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் ஈயின் குடம்பி உயிர்வாழ மாட்டாது.

ஆயினும் குடம்பி எளிதில் அகப்படும் உயிரி அன்று. உட்பகுதி சூடேறியதும் அது குளிர்ந்த ஓரங்களுக்கும் மேற்பரப்புக்கும் நகர்ந்துவிடும். எனவே குவியலை வெறுமனே கிளறுவதால் முழுப் பயன் கிடையாது. ஓரத்தில் உள்ளது நடுவுக்கும், நடுவில் உள்ளது ஓரத்துக்கும் செல்லும்படி புரட்ட வேண்டும். விடை எழுதும்போது இந்த ஒரு வசனத்தைச் சேர்த்து எழுதுபவர், காரணத்தை விளங்கியே எழுதுகிறார் என்பது பரீட்சகருக்குத் தெரியும்.

நகரக் கழிவுக்கு இம்முறை பிரயோகிக்கப்பட்டபோது சோதனை கடுமையாயிற்று. கிராமத்துச் சாணமும் சருகும் ஒருவகை. நகரத்துக் குப்பையும் மலக்கழிவும் வேறொருவகை. இங்கே ஈ பெருகினால் வாந்திபேதி, வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் முதலிய நோய்கள் வீடுகளுக்குச் செல்லும். கூட்டெருவா, மக்களின் உடல்நலமா என்ற கேள்வி எழக்கூடிய இடம் இது. மத்திய இந்தியாவில் வாட் உள்ளிட்டோர் 1930 களின் முற்பகுதியில் நகரக் கழிவுகளை இந்தூர் முறைக்கு உட்படுத்தினர். கல்கத்தாவை அடுத்த தோலிகஞ்சிலும் இப்பணி நடைபெற்றது. அங்கே கண்ட உண்மை, முதலாவது புரட்டலை இரண்டு, மூன்று வாரங்கள் தாமதிக்கலாகாது என்பதே. ஈயின் வாழ்க்கை வட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும் அல்லவா? ஆகவே குடம்பி கூட்டுப்புழுவாக மாறுமுன், ஒரு வாரத்துக்குள்ளேயே, முதலாவது புரட்டல் செய்யப்பட்டது. பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை அறிந்தவரால்தான் புரட்டும் நாளைத் தீர்மானிக்க முடியும்.

பின்னர் பெங்களூரில் ஆச்சாரியா என்னும் விஞ்ஞானி வேறொரு முறையை விருத்தி செய்தார். அதிற் குவியல் புரட்டப்படுவதில்லை. குழியை நிரப்பியபின் மண்ணால் மூடிவிடுவர். ஈ முட்டையிட இடமிராது, வேலையும் குறைவு, ஆனால் மக்குவதற்குக் கூடிய காலம் எடுக்கும். இவ்விரு முறைகளையும் ஒப்பிடுமாறு வினா வரலாம்.

எல்லாப் பூச்சியும் பீடையன்று

கூட்டெருத் தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் உள்ளே அசைவன அனைத்தையும் பூச்சி என்று கூறிவிடுகிறோம். மண்புழு அனலிடா கணத்தைச் சேர்ந்தது. மரவட்டை, பூரான், சிற்றுண்ணி ஆகியன ஆத்திரப்போடா கணத்துக்குரியவை எனினும் பூச்சிகள் அல்ல. கால்களை எண்ணிப் பார்த்தாலே புரியும். இவற்றுட் பெரும்பாலானவை கழிவைச் சிறு துணிக்கைகளாக்கி நுண்ணங்கிகளுக்கு உதவும் பிரிகையாக்கிகள். பீடைநாசினி தெளித்தால் முதலில் மடிபவை இவையே. எஞ்சும் நஞ்சு எருவுடன் சேர்ந்து மரக்கறிப் பாத்திக்குச் செல்லும். பீடைநாசினி என்ற விடை ஏன் தவறானது என்பதற்கு இதுவே காரணம்.

வீட்டுத் தோட்டத்துக் கூட்டெருப் பீப்பாவிலும் ஹவார்டின் வழியைப் பின்பற்றலாம். பூச்சியைப் பார்த்து, அது எதனைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். எறும்பு கூடு கட்டியிருந்தால் கழிவு உலர்ந்துவிட்டது. நீர் தெளித்துப் புரட்டினால் எறும்பு இடம்பெயரும். சிறிய பழ ஈக்கள் கூட்டமாகப் பறந்தால் பழத்தோல்கள் மூடப்படாமல் மேலே கிடக்கின்றன. அவற்றின்மேல் சருகோ மண்ணோ இட வேண்டும். வீட்டு ஈயும் நாற்றமும் சேர்ந்து வந்தால் ஈரமும் பச்சைக் கழிவும் மிகுந்துவிட்டன. காய்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் போன்ற காபன் மிக்க பொருள்களைச் சேர்க்க வேண்டும். காபன் நைதரசன் விகிதம் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 இற்கு 1 ஆக இருப்பது நன்று. கரப்பான் பூச்சி சமைத்த உணவையும் எண்ணெய்ப் பண்டங்களையும் தேடி வருவது. இறைச்சி, மீன் கழிவுடன் இவற்றையும் வீட்டுப் பீப்பாவில் இடாதிருப்பதே நன்று. பீப்பாவின் மூடியில் மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகும். டெங்கு நோய் உள்ள நம் நாட்டில் இதனை மறத்தலாகாது.

ஒரு விலக்கு உண்டு. தென்னை வளரும் பகுதிகளில் காண்டாமிருக வண்டின் குடம்பிகள் எருக்குவியலில் வளரும். வளைந்த உடலும் கபில நிறத் தலையும் உடைய தடித்த வெண்ணிறப் புழுக்கள் இவை. குவியலில் இருக்கும்போது கழிவையே உண்ணும்; நிறைவுடலியானபின் தென்னையின் குருத்தைத் துளைக்கும். இக்குடம்பி முதிர்வதற்குப் பல மாதங்கள் எடுப்பதால், புரட்டும்போது பொறுக்கி அழிப்பதும், தயாரான எருவை நெடுநாள் குவித்து வைத்திராது பயன்படுத்திவிடுவதும் போதுமானவை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில்

1930 இல் கபிரியேல் காலமானார். இருபத்தைந்து ஆண்டுகளாக உடனுழைத்தவரை இழந்த ஹவார்ட், அடுத்த ஆண்டில் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். கபிரியேலின் சகோதரியான லூயிஸ் மத்தேயியை அவ்வாண்டிலேயே மணந்தார். 1934 இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. ஓய்வு என்பது பெயரளவிலேயே இருந்தது. கெனியாவின் கோப்பித் தோட்டங்கள், இந்தியாவினதும் இலங்கையினதும் தேயிலைத் தோட்டங்கள் என இந்தூர் முறை பரவியது. 1937 இன் இறுதியிலும் 1938 இன் தொடக்கத்திலும் அவர் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை நேரிற் பார்வையிட்டார். கவாத்துச் செய்த கிளைகள், நிழல் மரங்களின் இலைகள், சாணம் ஆகியவற்றைக் கொண்டு தோட்டங்களில் எரு தயாரிக்கப்பட்டது. நம் மலையகத்தில் அதற்கான உழைப்பைப் பெரும்பாலும் வழங்கியவர்கள் தமிழ்த் தொழிலாளர்களே. அவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

1940 இல் வெளிவந்த அவரது விவசாய சாசனம் என்னும் பொருள்படும் ஆங்கில நூல் உலகின் பல பாகங்களிலும் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவில் றொடேல் என்பவர் இதனால் ஈர்க்கப்பட்டு 1942 இல் சேதன விவசாயச் சஞ்சிகை ஒன்றை ஆரம்பித்தார். அதே வேளை விவசாய விஞ்ஞானிகள் பலர் ஹவார்டை ஏற்கவில்லை. இரசாயனப் பசளை மண்ணைக் கெடுக்கும் என்ற அவரது கூற்று மிகைப்படுத்தப்பட்டது என்றனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. மண்ணின் சேதனப் பதார்த்தம் பற்றி அவர் கூறியவை இன்று பொதுவாக ஏற்கப்படுகின்றன. ஆயினும் கூட்டெரு மாத்திரம் எல்லா நிலத்துக்கும் உடனடியாகப் போதுமா என்பது வேறு கேள்வி. 2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, நெல், தேயிலை விளைச்சல்கள் பாதிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டதை நம் நாட்டினர் அறிவர். ஹவார்டே தம் முறையை உருவாக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

சேர் அல்பேர்ட் ஹவார்ட் 1947 ஒக்டோபர் 20 ஆம் திகதி இலண்டனின் பிளாக்கீத் பகுதியில் காலமானார். அவரது இந்தியப் பணிகளை லூயிஸ் நூலாக எழுதி 1953 இல் வெளியிட்டார். இந்தூரில் அவர் பணிபுரிந்த நிறுவகத்தின் இடத்தில் பின்னர் விவசாயக் கல்லூரி ஒன்று அமைந்தது.

பயிற்சி

கீழ்வரும் நிலைமையை வாசித்து விடை எழுதிப் பாருங்கள். ஒரு மாணவி தன் வீட்டுக் கூட்டெருத் தொட்டியில் ஒரு வாரமாகச் சமையலறைக் கழிவை மாத்திரம் இட்டு வந்தாள். மழையும் பெய்தது. இப்போது தொட்டியிலிருந்து துர்நாற்றம் வீசுகிறது. ஓரங்களில் வெண்ணிறப் புழுக்கள் தென்படுகின்றன. நடுப்பகுதியைத் தொட்டால் சூடு இல்லை. தொட்டியினுள் நிகழ்ந்திருக்கக்கூடிய மாற்றத்தைக் காரணத்துடன் விளக்குக. புழுக்கள் வீட்டு ஈயின் எப்பருவத்துக்குரியவை எனக் கூறுக. அவள் உடனடியாகச் செய்ய வேண்டிய மூன்று செயல்களை எழுதி, ஒவ்வொன்றும் ஈயின் வாழ்க்கை வட்டத்தை எவ்விடத்தில் தடை செய்யும் எனக் காட்டுக.